கைகட்டி நின்ற கருவி

நெல்லை அளக்க மரக்கால் கண்டான் மனிதன். பொன்னை அளக்கத் தராசு கண்டான். காய்ச்சலை அளக்கக் கண்ணாடிக் குழல் கண்டான். கடைசியில் மனநிறைவை அளக்கவும் ஒரு கருவி கண்டான். கண்டதில் குற்றமில்லை. அளந்து சொல்லும் அதிகாரத்தை யார் கையில் ஒப்படைத்தான் என்பதில்தான் இந்தக் கதை இருக்கிறது.

கருவியின் பெயர் நிறைவுமானி. சட்டைப் பொத்தான் அளவுதான். மேலாளரின் இடது காதுக்குப் பின்னால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நாடியின் ஓட்டம், மூச்சின் நீளம், வியர்வையின் உப்பு, கழுத்து நரம்பின் இறுக்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சுழியத்துக்கும் நூறுக்கும் இடையே ஓர் எண்ணைச் சொல்லும். நல்ல நோக்கத்தில்தான் அது பிறந்தது. மனம் கசந்த மேலாளர் தொழிலாளியின் தலையில் நெருப்பைக் கொட்டுகிறார், மனம் நிறைந்த மேலாளரின் கீழே தொழிலாளி தழைக்கிறார் என்று கடல்கடந்த ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். ஆடை வாங்கும் அயல்நாட்டு வணிகர்கள் அதைக் கேட்டு விதி செய்தார்கள். ஆலையின் மேலாளர்களுக்குச் சராசரி எழுபத்தைந்து இருந்தால் மகிழ்ச்சி முத்திரை. முத்திரை இல்லாத பெட்டி கப்பல் ஏறாது. தொடர்ந்து மூன்று வாரம் அறுபதுக்குக் கீழே இறங்கும் மேலாளர், அவருடைய நன்மையைக் கருதிப் பதவியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

நன்மையைக் கருதி என்று எழுதிய கை யாருடையதோ, அந்தக் கைக்குரியவர் ஒருநாளும் விடுவிக்கப்பட்டிருக்க மாட்டார்.

அவிநாசிச் சாலையில் இருந்தது பொன்னிழை பனியன் கம்பெனி. எட்டு மேலாளர்கள். உணவுக்கூடத்துச் சுவரில் ஓர் ஒளிப்பலகை. எட்டு எண்களும், அவற்றுக்கு அடியில் முதலாளி சென்னியப்பனின் எண்ணும் அதில் ஓயாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். முதலாளியும் மானி அணிய வேண்டும் என்பது வணிகர்களின் விதி. ஆனால் அவரை எவராலும் விடுவிக்க முடியாது. ஆகவே அந்த ஒன்பதாம் எண்ணை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

எட்டுப் பேரில் ஒருத்தி மணிமொழி. நாற்பத்தொரு வயது. இரண்டாம் தையற்பிரிவின் மேலாளர். அவள் பொறுப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு தையற்காரர்கள், பெரும்பாலோர் பெண்கள். இரு வாரத்துக்கு முன்பு அவளுடைய எண் ஐம்பத்தேழு. சென்ற வாரம் ஐம்பத்து நான்கு. வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மூன்றாம் அளவு.

அவளுடைய எண் சரிந்ததற்குக் காரணம் நாற்காலிகள்.

ஒரு மாதத்துக்கு முன்பு, வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றிலிருந்து திரும்பிய சென்னியப்பன், நின்றுகொண்டே தைக்கும் முறையைப் பற்றி வியந்து பேசினார். நின்று தைத்தால் மணிக்குப் பதினான்கு பீஸ் கூடுதலாக வருமாம். முதலில் இரண்டாம் பிரிவின் நாற்காலிகளை எடுத்துவிடுவது என்று தாள் தயாரானது. வேலை முறையில் எந்த மாற்றம் செய்தாலும் அந்தப் பிரிவின் மேலாளர் கையொப்பமிட வேண்டும். மணிமொழி தாளைப் படித்தாள். எட்டு மணி நேரம் நிற்கப்போகும் நானூற்று இருபத்து நான்கு கால்களை நினைத்தாள். தாளை மடித்து மேசையின் மேல் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னாள்.

சென்னியப்பன் கோபப்படவில்லை. சிரித்தார். கருவி இருக்கும்போது முதலாளி எதற்குக் கோபப்பட வேண்டும்? அவளுடைய எண் சரியும். மூன்று வாரத்தில் அவள் போவாள். அடுத்து வருகிறவர் கையொப்பமிடுவார். ஒரு சொல் கடிந்து பேசாமல், ஒரு விதியையும் மீறாமல், ஒரு பெண்ணை வெளியேற்ற அறிவியல் அவருக்கு வழி அமைத்துக் கொடுத்திருந்தது.

முதலில் வந்தவர்கள் சக மேலாளர்கள். அவளுடைய எண் இறங்கியதால் ஆலையின் சராசரி எழுபத்தாறுக்கு வந்திருந்தது. ஒருவர் கேசரி கொண்டுவந்தார். ஒருவர் காலையில் மூச்சை அடக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைப் பட்டையை அவளுடைய கைப்பைக்குள் செருகிவிட்டு, பாதி போட்டாலே பத்து ஏறும் என்று காதோடு சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பின் ஒவ்வொரு சொல்லும் அவள் கழுத்து நரம்பை ஒரு சுற்று இறுக்கியது. இறுகிய நரம்பை மானி உடனே படித்தது. நிறைவாக இரு என்று ஊரே சேர்ந்து ஒருத்தியை நெருக்கினால் அவளுக்கு நிறைவு எங்கிருந்து வரும்?

இரண்டாம் பிரிவின் வாயிலில் அலுவலகம் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தது. குறைகளைக் கூறி மேலாளர்களின் மனநிறைவைக் குலைக்காதீர். அதை ஒட்டிய நாள்முதல் தையற்காரர்கள் அவளைக் கண்டால் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பதுதான் கொடுமை. ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் தெய்வானையின் நகத்தில் ஊசி இறங்கியபோது, அவள் விரலை முந்தானைக்குள் சுற்றி மறைத்துக்கொண்டு, மணிமொழி கடந்து போகும்வரை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். துணியில் இரத்தம் பரவியதைப் பார்த்துத்தான் மணிமொழி நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எதுக்குங்க்கா, உங்க நம்பரு கொறைஞ்சுருமில்லைங்க" என்றாள் தெய்வானை.

வீட்டிலும் அதே நாடகம்தான். மேலாளர் வீட்டில் எவரும் அழக்கூடாது என்பது ஊரில் எழுதாத சட்டமாகிவிட்டிருந்தது. மகள் வேதியியலில் தோற்றதை மூன்று வாரம் மறைத்துவைத்திருந்தாள். கணவன் குமணன், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், வாய்ச்சண்டையில் ஊரை வெல்லக்கூடிய மனிதன், இப்போது குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை. உப்பில்லாத குழம்பைப் பாராட்டிச் சாப்பிடும் கணவனைப் பார்க்கையில் மணிமொழிக்குத் தன் வீட்டில் தானே விருந்தாளியாகிவிட்டதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய தெருக்காரர்கள் பதினொரு பேர் வந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுக்கு முன்பு தையற்காரியாகப் பொன்னிழைக்குள் நுழைந்து, மேலாளராக உயர்ந்த அவளைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெருவின் நாற்பது குடும்பங்கள் ஆலைக்குள் வேலை பெற்றிருந்தன. பேச வந்தவர் இராசப்பன், அவளுக்குச் சித்தப்பா முறை. அவர் அதட்டவில்லை, கெஞ்சினார்.

"நம்ம சனத்துல ஒருத்தி மேனேஜர் ஆக மூணு தலைமுறை ஆச்சு கண்ணு. நீ எறங்குனா அத்தோட நாப்பது ஊடும் எறங்கும். ஒரு கையெழுத்துத்தான? அவுங்க நாக்காலிக்காக நீ உன்ற நாக்காலிய உட்டுருவியா?"

 அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் போன பிறகு கைப்பேசியில் தன் எண்ணைப் பார்த்தாள். நாற்பத்தாறு.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனாள். நாற்பது வீடுகளின் பாரம் தலையை அழுத்த, தரையைப் பார்த்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வெளியே வந்து கழிப்பறையில் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்க்க அவளுக்கே கூசியது. அந்த நேரத்தில் கைப்பேசி மெல்ல மணியடித்தது. வாழ்த்துகள், உங்கள் நிறைவு எண் எண்பத்தொன்று.

அவள் முகத்தைத் துடைக்க மறந்து நின்றாள்.

வியாழக்கிழமை நண்பகலில் அவள் கருவி அறைக்குப் போனாள். நிறைவுமானிகளைப் பராமரிப்பவர் நாச்சிமுத்து. முப்பது வயதுப் பொறியாளர். கருவியைத் தயாரித்தவர்களிடம் பயிற்சி பெற்றவர். சம்பளம் வாங்குவது சென்னியப்பனிடம். அவள் ஒரு குறிப்பேட்டை அவர் முன்னால் விரித்தாள். இரண்டு மாதமாக, என்ன நடந்தது, எண் என்னவாயிற்று என்று நாள்தோறும் எழுதிவைத்திருந்தாள்.

"தெய்வானைக்குச் சண்டை போட்டு லீவு வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கு வீட்டுக்குப் பாடிக்கிட்டே போனேன் நாச்சிமுத்து. நாப்பத்தொண்ணு. நேத்து முதலாளி முன்னால தலையக் குனிஞ்சு நின்னேன். எனக்கு என் மேலயே அருவருப்பா இருந்துச்சு. எம்பத்தொண்ணு. இதுக்கு என்ன அர்த்தம்?"

கருவியில் சிறு தடுமாற்றம் இருக்கலாம் என்றார் அவர். இரண்டு மாதமும் ஒரே திசையிலா தடுமாறும் என்று அவள் கேட்டாள். அவர் குறிப்பேட்டை இழுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவருடைய விரல் மெதுவானது.

மானிக்கு நிறைவு என்றால் என்னவென்று பிறவியிலேயே தெரியாது என்று அவர் விளக்கினார். எந்த ஊரில் எந்த வேலையில் மாட்டுகிறார்களோ, அங்கே மனிதர்கள் முழு நிறைவோடு இருக்கும் ஒரு நாளில் அவர்களுடைய உடம்பை அளந்து, இதுதான் நூறு என்று கருவிக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கணத்தையும் அந்த நூறோடு ஒப்பிட்டு அது எண் சொல்லும்.

"எந்த நாள அளந்தீங்க?"

நாச்சிமுத்து பிடரியைச் சொறிந்தார். "மேனேஜர்க எல்லாரும் சந்தோசமா இருக்கற நாள் எதுங்கன்னு முதலாளியக் கேட்டனுங்க. ஆயுத பூசையன்னைக்கு எல்லாரு மொகத்துலயும் சிரிப்பப் பாக்கலாம்னு சொன்னாருங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுதுங்க."

மணிமொழி அந்த நாளைக் கண்முன் கொண்டுவந்தாள். மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கும். பொரியும் கடலையும் மணக்கும். மேலாளர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பதவி வரிசைப்படி நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகப் போய், இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் நீட்டி, முதலாளியின் கையிலிருந்து பூசைப் பரிசுப் பையை வாங்குவார்கள். கேள்வியின்றிச் சிரிப்பார்கள். முதலாளி ஒரு சொல் பேசினால் சரிங்க என்பார்கள்; பேசாவிட்டாலும் சரிங்க என்பார்கள். அந்த வளைந்த முதுகை, அந்த அடக்கிய மூச்சை, கணுக்கால்வரை குளிர்ந்த அந்த அச்சத்தை இந்தக் கருவிக்குக் காட்டி, இதுதான் மனிதனின் நிறைவு, நூற்றுக்கு நூறு என்று கற்பித்திருக்கிறார்கள். கருவி என்ன செய்யும்? அதுவும் கைகட்டி நின்று கற்றுக்கொண்டது.

"அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க நாச்சிமுத்து?"

"உங்களுக்குப் பின்னாலதானுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைக் கேலி செய்யவில்லை. வரிசையில் அவளும்தானே நின்றிருந்தாள்.

சிறிது நேரம் கழித்து அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவளுடைய மானியை மட்டும் இருபத்தைந்து உயர்த்தி வைத்துவிடுவதாகச் சொன்னார். நாளைக்கு எண்பது காட்டும், பதவி போகாது, கையொப்பமிடாமலே காலம் தள்ளலாம், எவருக்கும் தெரியாது.

மணிமொழி குறிப்பேட்டை மூடினாள். எளிய வழிதான். நாற்காலிகள் தப்பும், நாற்பது வீடுகளும் தப்பும். குமணன் குழம்பில் உப்பில்லை என்று சொல்லலாம். அவள் கை தானாகவே காதுக்குப் பின்னால் போயிற்று. ஆனால் நாளை அந்த எண்பதைப் பார்த்து என்ன சொல்வார்கள்? பாருங்கள், எதிர்த்தவளும் நிறைவாகத்தான் இருக்கிறாள், கருவி நேர்மையானது என்பார்கள். தன் பொய்யெண் அந்தக் கருவிக்குச் சாட்சி சொல்லப் போகும். அடுத்த பிரிவில் ஒருவர் நிமிர்ந்து நின்று அதற்காக வெளியேற்றப்படும்போது, தான் எந்த வாயைக் கொண்டு கேட்பது?

"வேண்டாம். ஒளிச்சு வெச்சுக்கிட்டு நிமிர்ந்து நிக்க என்னால ஆகாது" என்றாள்.

அன்று மாலை அவள் துணி வெட்டும் பிரிவின் மேலாளர் சடையப்பனைத் தேடிப் போனாள். ஐம்பத்தாறு வயது. இரண்டு ஆண்டாக அவருடைய எண் தொண்ணூற்றிரண்டு. ஒரு வாரம்கூட இறங்கியதில்லை. எப்படி அண்ணா என்று கேட்டாள். முதலில் மழுப்பினார். ஆயுத பூசைச் செய்தியைச் சொன்னதும் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எண் இறங்குவதுபோல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதலாளி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வாராம், உடனே ஏறிவிடுமாம். ஏன் ஏறுகிறது என்று இதுவரை யோசித்ததில்லையாம்.

"போன மாசம் எம்மவன் வெளையாட்டுக்கு, அப்பா, முதலாளி வந்திருக்காருன்னான். நான் சோத்துத் தட்டோட எந்திரிச்சு நின்னுட்டேன் அம்மிணி. ஊடே சிரிச்சுது. எனக்கு மட்டும் உக்காரத் தோணுல."

வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பருவத்தின் முத்திரைக்காக, அயல்நாட்டு வணிகர்களின் பிரதிநிதி ரெபெக்கா அருள்தாஸ் சென்னையிலிருந்து வந்திருந்தார். உணவுக்கூடத்தில் முன்வரிசையில் எட்டு மேலாளர்கள். பின்னால் இரண்டாம் பிரிவின் தையற்காரர்கள்; புதிய மேலாளரை அறிமுகப்படுத்துவதற்காக அவர்களை வரச் சொல்லியிருந்தார் சென்னியப்பன். நான்கு மணி அடித்தது. பலகையில் மணிமொழியின் பெயருக்கு நேரே ஐம்பத்தொன்று ஒளிர்ந்தது.

ரெபெக்கா கனிவாகவே பேசினார். இத்தனை ஆண்டு உழைத்தவர் நிறைவின்றித் துன்பப்படுவதை நிறுவனம் விரும்பவில்லை, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்றும் கேட்டார். அது சடங்குக்காகக் கேட்கும் கேள்வி. அதற்கு இதுவரை எவரும் பதில் சொன்னதில்லை.

மணிமொழி எழுந்தாள். நாற்காலித் தாளின் கதையைச் சொன்னாள். கையொப்பம் மறுத்த நாளையும் எண் சரியத் தொடங்கிய நாளையும் அருகருகே வைத்துக் காட்டினாள். ஊசி ஏறிய விரலை மறைத்துச் சிரித்தவளைப் பற்றிச் சொன்னாள். தோல்வியை மறைத்த மகளைச் சொன்னாள். ஆயுத பூசை வரிசையைச் சொன்னாள். பேசப் பேச அவளுடைய எண் நாற்பதுக்கும், முப்பத்து மூன்றுக்கும், இருபத்தெட்டுக்கும் இறங்கியது. அவள் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் முடித்தாள்.

"இருபத்தெட்டுங்க. இருபத்திரண்டு வருசத்துல இந்தக் கூடத்துல நான் இவ்வளவு நிறைவா நின்னதில்லை. இந்தக் கருவி அளக்கிறது நிறைவை இல்லைங்கம்மா, பணிவை. எங்க முதுகு எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு அளந்து உங்களுக்கு அனுப்புது. நீங்க அதை மகிழ்ச்சின்னு முத்திரை குத்தி விக்கிறீங்க."

சென்னியப்பன் புன்னகை மாறாமல், மனம் கலங்கியவர்களின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார். ஆனால் ரெபெக்காவின் முகம் மாறியிருந்தது. நாற்காலியை எடுக்கும் தாள் ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, கையொப்பம் மறுத்தவரைத்தான் இன்று விடுவிக்கிறோமா என்று சென்னியப்பனிடம் நேராகக் கேட்டார். அவர் சுற்றிவளைத்தார். ரெபெக்கா கோப்பை மூடினார்.

"மிஸ்டர் சென்னியப்பன், இது உண்மைன்னா இந்தப் பருவத்து ஆர்டர் முழுசையும் நான் நிறுத்த வேண்டியிருக்கும்."

சென்னியப்பன் எழுந்தார். எழ வேண்டும் என்று எண்ணி எழவில்லை. அவருடைய உடம்பே எழுந்துகொண்டது. இரண்டு கைகளும் முன்னால் வந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. முதுகு வளைந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு, ஆயுத பூசைச் சிரிப்பு, தானே வந்து ஒட்டிக்கொண்டது. "அப்படியெல்லாம் இல்லைங்க மேடம், நீங்க சொல்றபடி சரிங்க, சரிங்க" என்றார்.

சுவரில், எவரும் ஏறிட்டுப் பார்க்காத ஒன்பதாம் எண் அறுபத்திரண்டிலிருந்து புறப்பட்டது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்று நான்கில் வந்து நின்றது. பலகை பச்சை நிறத்தில் மின்னி வாழ்த்துச் சொன்னது.

தன் தொழிலே கைவிட்டுப் போகிறது என்று கேட்ட மனிதருக்கு மனநிறைவு தொண்ணூற்று நான்கு.

 பின்வரிசையிலிருந்து தெய்வானையின் குரல் கேட்டது. "முதலாளிக்கு எத்தன சந்தோசம்னு பாருங்க்கா." ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி பொத்தாமலே சிரித்தாள். இருநூறு பேரின் சிரிப்பு கூரைத் தகட்டில் மோதித் திரும்பியது. முன்வரிசையில் இருந்த மேலாளர்களின் தோள்கள் குலுங்கின. அவர்களின் எண்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின. அறுபது, ஐம்பது, நாற்பது. சடையப்பனின் தொண்ணூற்றிரண்டு முப்பத்தெட்டுக்கு வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து எழுந்து, தவறு தன்னுடையது என்றும், நூறைக் காட்டிக்கொடுத்தவன் தான்தான் என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

ரெபெக்கா நேர்மையான பெண். தவறை ஏற்றுக்கொண்டார். கருவியில் பிழையில்லை, காட்டிய நாளில்தான் பிழை. வேறொரு நாளைக் காட்டித் திருத்திவிடலாம் என்றார். மேலாளர்களைப் பார்த்து, வேலையில் நீங்கள் உண்மையாகவே நிறைவோடு இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

எட்டுப் பேரும் யோசித்தார்கள். பன்னிரண்டு ஆண்டு பணி செய்தவர் யோசித்தார். முப்பது ஆண்டு பணி செய்தவர் யோசித்தார். ஒருவருக்கும் ஒரு நாள் கிடைக்கவில்லை. அந்த மௌனத்தைப்போல் ஒரு குற்றப்பத்திரிகையை எந்த வழக்கறிஞரும் எழுதியிருக்க முடியாது.

கடைசியில் சடையப்பன்தான் வாய் திறந்தார். "இன்னைக்குன்னு எழுதிக்கோங்க. இப்பத்த நிமிசம்."

கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்குள்ளேயே சென்னியப்பன் தம்மைத் தேற்றிக்கொண்டார். முதலாளிகள் தோற்பதில்லை, தோல்வியை விழாவாக்கிவிடுவார்கள். அருமையான யோசனை என்றார் அவர். ஆண்டுதோறும் இந்த நாளைத் துணிவு நாள் என்று கொண்டாடுவோம். மணிமொழி அம்மாவுக்கு என் கையால் பொன்னாடை போர்த்துகிறேன். அன்று மேலாளர்கள் எல்லோரும் வரிசையாக வந்து தங்கள் மனக்குறையை மேடையில் சொல்லட்டும். "வரிசையா நில்லுங்க, இப்பவே ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார்.

மேலாளர்களில் மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மணிமொழி அந்த மூவரையும் பார்த்தாள். பழக்கம் எவ்வளவு ஆழத்தில் வேர் விட்டிருக்கிறது என்று பார்த்தாள். நாளை இந்த எதிர்ப்பையே நூறு என்று கருவிக்குக் கற்பிப்பார்கள். மறுநாள் எதிர்ப்புக்கும் ஒத்திகை நடக்கும். போதிய அளவு நிமிராதவரை, அவருடைய நன்மையைக் கருதி விடுவிப்பார்கள். எண் மாறும், எண்ணைப் பிடித்திருக்கும் கை மாறாது.

அவள் காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்து மானியை உரித்தெடுத்தாள். தோல் சிறிது கிழிந்தது. அதைக் கொண்டுபோய் ரெபெக்காவின் கோப்பின் மேல் வைத்தாள்.

"என் நிறைவு என்னோடதுங்க. அதை யாரு கையிலயும் குடுக்கிறதா இல்லை."

ரெபெக்கா தயங்கினார். ஆர்டரை நிறுத்த மாட்டேன். நாற்காலி விவகாரத்தைத் தலைமையகத்துக்கு எழுதுகிறேன். ஆனால் மானி அணியாதவர் மேலாளராக இருக்க முடியாது, அந்த விதியை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மணிமொழி தலையசைத்தாள். மேலாளர் பதவிதானே போகும், நான் இந்த ஆலைக்குள் தையற்காரியாகத்தான் வந்தேன், அந்தப் பதிவேட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வருகிறேன் என்றாள். சென்னியப்பன் மறுக்க வாயெடுத்து, ரெபெக்காவைப் பார்த்து, மூடிக்கொண்டார். ஒன்பதாம் எண் இன்னொரு புள்ளி ஏறியது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. வாசலில் இராசப்பன் நின்றார். நாற்பது வீட்டையும் நட்டாற்றில் விட்டாயா என்று கேட்டார். மணிமொழி அவருக்கு நல்வாக்கு எதுவும் தரவில்லை; என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது சித்தப்பா என்று மட்டும் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். குமணன் தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் வைத்தான். அவளுடைய காதுக்குப் பின்னால் சிவந்திருந்த இடத்தைப் பார்த்தான்.

"இந்தக் குழம்ப மனுசன் திம்பானா?" என்றான். ஓராண்டாக மூளாத சண்டை அன்று அந்த வீட்டில் மூண்டது. சண்டையின் நடுவே மகள் தன் வேதியியல் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். சண்டை இன்னும் பெரிதாயிற்று.

அடுத்த வாரம் முழுதும் சென்னியப்பன் மேலாளர்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்தார். இரண்டாம் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கையொப்பம்தான் என்றார். முதலில் போன சடையப்பன், கேட்காமலே எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முடியாதுங்க என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்துப் போனவர் நின்றுகொண்டேதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். ஏழு பேரிடமும் கேட்டாயிற்று. கருவியில் பழைய நூறே இன்னும் இருந்ததால் ஏழு பேரின் எண்ணும் அறுபதுக்குக் கீழே. ஏழு பேரையும் ஒரே நாளில் விடுவித்துவிட்டு ஆலையை நடத்த எந்த விதியிலும் வழி இல்லை.

மணிமொழிக்குக் கிடைத்தது தெய்வானைக்கு அடுத்த மிஷின். கைகள் வேகத்தை மறந்திருந்தன. அவளுக்கு முன்னால் பீஸ்கள் குவிந்தன. அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"பழைய மேனேஜரம்மா, பீஸ் தேங்குது பாருங்க" என்றாள் தெய்வானை. "நீங்க மேனேஜரா இருந்தப்ப இப்படித் தெச்சிருந்தா எங்கள உட்டிருப்பீங்களா?"

"தலையக் குனிஞ்சு வேலையப் பாருடி" என்றாள் மணிமொழி.

"அதுக்கு வேற ஆளப் பாருங்க்கா."

இரண்டாம் பிரிவில் மேலாளரின் நாற்காலி ஒன்று மட்டும் காலியாகக் கிடக்கிறது. மற்ற இருநூற்றுப் பதின்மூன்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.